கரையும் மரமும்: யாழ்ப்பாணக் குடாநாட்டு வரலாற்றில் ஒரு நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாற்றை எழுதியோர் அரசர் பெயர்களையும் கோட்டைகளையும் ஆராய்ந்த அளவிற்குக் கரையோர மரங்களை ஆராய்ந்தாரல்லர். ஆயினும் கரைவழியே நடப்போன் செவியில் விழும் ஊர்ப்பெயர்களுட் பல மரப்பெயர்களே. வடமராட்சி கிழக்கில் தாழையடியும் மருதங்கேணியும், கடனீரேரிக் கரையில் நாவற்குழியும் உள. புங்குடுதீவு புங்க மரத்தாற் பெயர் பெற்றதென்பாரும் உளர்.

இவ்வகையில் மிகப் பழையது ஜம்புகோளம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தாமிரலிப்தியிலிருந்து வெள்ளரசுக் கிளையுடன் புறப்பட்ட சங்கமித்தை இத்துறையிற் கரையிறங்கினார் என மகாவம்சம் கூறும். மாதகலை அடுத்த சம்பில்துறையே அதுவென ஆய்வாளர் கொள்வர். ‘ஜம்பு’ என்பது நாவல். நாவலின் பெயர் தாங்கிய துறையில் அரசமரம் வந்திறங்கிற்று! இச்செய்தியை இன உரிமை வழக்கிற்குச் சாட்சியாக இழுப்போர் பலர். வங்கக் கரையோடு இத்துறை கொண்டிருந்த கடல்வழித் தொடர்பையே அது தெளிவுறக் காட்டுகின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஓய்வுக்காகக் கடற்கரை செல்லுதல் பிற்பட்ட வழக்கமே. முன்னோர் கடலுக்குச் சென்றது தொழிலுக்கும் தீர்த்தத்திற்குமாகும். ஆடி அமாவாசையிற் கீரிமலையும், புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வாரின் கடல் தீர்த்தமும் ஊர்களையே கரைக்கு நடத்தின. எனினும் பருவத்தின் அழகை அவர் அறியாதாரல்லர். பங்குனி, சித்திரையில் வாடைக்காற்று ஓய்ந்து, சோழகம் வலுப்பெறாத இடைவேளையிற் கடல் அடங்கிக் கிடக்கும். அக்காலத்திலேதான் கொன்றை சரஞ்சரமாய்ப் பூக்கும். வேம்பு முற்றமெங்கும் பூவுதிர்க்கும். அதனைக் கூட்டியள்ளி வடகமாக்குவர் பெண்கள். கண்ணுக்கு இனியது அடுக்களைக்கும் ஆயிற்று.

இன்று பெரிதும் நாடப்படுவது காரைநகரின் கசூரினாக் கடற்கரை. நெய்தலுக்குரிய புன்னையும் தாழையும் இருக்க, பிற்காலத்தில் வந்த சவுக்கு, அதுவும் தன் ஆங்கிலப் பெயராலே, அக்கரையைத் தனதாக்கிக்கொண்டமை சற்று வேடிக்கையானது. ஆயின் சவுக்கை இகழ்தல் தகாது. மணற்காட்டிற் காற்றோடு நகரும் மணற்குன்றுகள் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிபாடுகளையும் விட்டுவைக்கவில்லை. அம்மணலை நிறுத்தவே அங்குச் சவுக்குத் தோப்புகள் நடப்பட்டன. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கைத் தாக்கிய பின்னர் கரையோர மரங்களும் மணல்மேடுகளும் வெறும் காட்சிப் பொருள்களல்ல என்பது பலர்க்கும் புலனாயிற்று. அம்மேடுகளிலிருந்தே கட்டடங்களுக்கு மணல் அள்ளப்படுவது வியப்பிற்குரியது.

வடகரையின் கதை வேறு. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர, காங்கேசன்துறையிலிருந்து பலாலி வரையான கரை உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கிற்று. மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் மீண்டது 2017 யூலையில். இடையே கழிந்தவை 27 ஆண்டுகள். அதற்குள் ஒரு தலைமுறை, தன் ஊர்க் கடலைப் பெற்றோர் வாய்மொழியாலன்றிக் கண்டறியாது வளர்ந்துவிட்டது. திரும்பிச் சென்றோர் கண்டவை கூரையற்ற சுவர்களும், வீட்டையும் வேலியையும் ஒருங்கே மூடிய பற்றைக்காடுமேயாம்.