வெறும் சேசிஸ் வளர்த்த ஊர்

நாமக்கல்லில் லாரித் தொழில் வேரூன்றியதற்கு உழைப்பையும் துணிச்சலையும் காரணமாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அசோக் லேலண்டும் டாடாவும் முழு லாரியை மட்டுமே விற்றிருந்தால் அந்த உழைப்புக்கு இவ்வளவு இடம் கிடைத்திருக்காது. எஞ்சினும் சக்கரமும் பூட்டிய வெறும் சேசிஸ் வந்தது. அதன்மேல் எதைக் கட்டுவது என்பதை வாங்கியவர் முடிவு செய்தார். தச்சரும் வெல்டரும் பெயின்டரும் கூடிய பட்டறைகள் பாடி கட்டின. திருச்செங்கோட்டார் சேசிஸ்மேல் போர்வெல் ரிக்கை ஏற்றி வடமாநிலங்கள்வரை ஓட்டிப் போனார்கள். எரிவாயு டேங்கர் உரிமையாளர்களுக்கும் நாமக்கல்லே தலைமையிடம் ஆனது. கணினியின் கதையும் இதுவே. 1981 ஆகஸ்டில் பிசியை வெளியிட்ட ஐபிஎம், அதன் மின்சுற்று வரைபடங்களைக் கையேடாக அச்சிட்டு விற்றது. கணினியை இயக்கத் தொடங்கும் பயாஸ் நிரல் மட்டும் அதன் பதிப்புரிமைக்குள் இருந்தது. அதே வேலையைச் செய்யும் நிரலைக் காம்பாக் கம்பெனி தானே எழுதி, 1982-இலேயே ஒத்தியங்கும் கணினியை அறிவித்தது. போட்டி பெருகி விலை இறங்கியது. 1987-இல் ஐபிஎம் கூடுதல் அட்டைகளைக் கணினியில் இணைக்கும் மைக்ரோ சேனல் என்ற புதுத் தடத்துக்கு உரிமக் கட்டணம் கேட்டது. மறு ஆண்டே ஒன்பது கம்பெனிகள் சேர்ந்து மாற்றுத் தடத்தை அறிவித்தன. பூட்டிய தடம் நிலைக்கவில்லை.

திறந்துவிட்டால் தரம் கெடும் என்பார்கள். பட்டறையில் கட்டிய மரக் கேபின் விபத்தில் டிரைவரைக் காப்பாற்றாது என்ற குறை நியாயமானது, உயிர் சம்பந்தப்பட்டது. அதற்கான விடை, லாரி கேபினுக்கும் பாடிக்குமான ஏஐஎஸ் 093 போன்ற பொது விதி: யார் கட்டினாலும் கேபின் அந்தச் சோதனையில் தேற வேண்டும். சோதனைச் செலவைச் சிறு பட்டறை தாங்காது என்றால் அரசு பொதுச் சோதனைக்கூடம் அமைத்துக் கைகொடுக்கலாம். தொழிலையே கம்பெனி வாசலுக்குள் அடைக்க அது காரணமாகாது.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபின் லாரியே பாதி கணினியாகிவிட்டது. எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொன்ன மெக்கானிக், இப்போது ஸ்கேனர் இல்லாமல் கையைப் பிசைகிறார். மத்திய நுகர்வோர் துறை 2022-இல் தொடங்கிய பழுதுநீக்கும் உரிமை இணையதளம் வாகனங்களையும் சேர்த்துக்கொண்டது நல்ல தொடக்கம். ஆனால் அதில் கிடைக்கும் கையேடு மட்டும் போதாது. நிரலைத் திறந்தால் புகைக் கட்டுப்பாட்டை மாற்றிவிடுவார்கள் என்று கம்பெனிகள் அஞ்சுவதில் பொருள் உண்டு. ஆனாலும் லாரியின் கணினி பதிந்துவைக்கும் கோளாறு எண்ணைப் படிப்பது ஒன்று, நிரலைத் திருத்துவது வேறு. திருத்தும் வழியைப் பூட்டிக்கொள்ளட்டும். படிக்கும் கருவியும் எண்களின் விளக்கமும் கட்டுப்படியாகும் விலையில் நாமக்கல் பட்டறைகளுக்குக் கிடைத்தாக வேண்டும்.