பொம்மைக்கு ஏறிய வர்ணங்கள்

வைப்பாற்றங்கரைச் சாத்தூர் என்றால் காரச்சேவையும், ஒரு காலத்தில் இங்கே சிறு தொழிலாகச் செழித்திருந்த பேனா நிப்பையும் நினைப்பவர்களே அநேகர். ஆனால் ஆடி மாதத்துக் கடைசி வெள்ளியன்று, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இருக்கன்குடியில் மாரியம்மனைத் தரிசிக்கத் திரளும் ஜனங்களுக்காகப் போடப்படுகிற திருவிழாக் கடைகளையும், நவராத்திரிக்கு முன்னால் கடைவீதியில் பரப்பப்படுகிற கொலுச் சாமான்களையும் நின்று பார்க்கிறவருக்கு வேறொரு தொழிலின் சரித்திரமும் புலப்படும். விரலளவேயான ஒரு காவற்காரன் பொம்மைக்கு மீசையும் இடைக்கச்சையும் தீட்டுவதற்குக் கைக்கெட்டும் விலையில் எந்த வர்ணத்தை வாங்குவது என்ற கேள்வி, நம் பொம்மைக்காரர்களைத் தலைமுறை தலைமுறையாக நடத்தி வந்திருக்கிறது. அவர்கள் கைவேலையின் அழகில் பெரும்பங்கு அந்தச் சிக்கனத்திலிருந்தே பிறந்தது என்பது என் அபிப்பிராயம்.

முற்காலத்தில் வர்ணக்கடை என்று தனியே ஒன்று வேண்டியிருக்கவில்லை. நாட்டு மருந்துக் கடையே வர்ணக்கடையாகவும் இருந்தது. சித்த வைத்தியர் பஸ்பத்துக்கும் செந்தூரத்துக்கும் வாங்குகிற சாதிலிங்கமும் அரிதாரமும் சித்திரக்காரனுக்குச் சிவப்பும் மஞ்சளுமாயின. முன்னதில் பாதரசமும் பின்னதில் பாஷாணமும் உண்டு. இரண்டும் விலை உயர்ந்தவை. காவிக்கல்லும் சுண்ணாம்பும் விளக்குக் கரியுமோ ஏறக்குறைய காசில்லாமலே கிடைத்தன. நீலத்துக்கு அவுரி இருந்தது. ஆகவே குயவர், சூளையில் வெந்த மண்ணுருவின் மீது முதலில் வெள்ளையைப் பூசி, அதன்மேல் மலிவான காவியையும் மஞ்சள் மண்ணையும் உடலுக்கும் ஆடைக்கும் ஏற்றி, அருமையான சாதிலிங்கத்தை உதட்டுக்கும் புடவைக் கரைக்கும் மட்டும் ஒரு துளியாகச் செலவிட்டு, கடைசியில் கரிய மையால் கண் திறந்தார். பொடியைப் பிடித்து நிறுத்த வேலம்பிசினோ, புளியங்கொட்டைப் பசையோ, தச்சர்கள் காய்ச்சுகிற வச்சிரமோ போதுமானதாக இருந்தது. கீழே கிடக்கும் வெள்ளைதான் மேலே ஏறும் நிறத்துக்கு ஒளி கொடுக்கிறது என்பதையும், விலையுயர்ந்த நிறம் பார்வை சென்று தங்குகிற இடத்தில் இருந்தால் போதும் என்பதையும் எந்தப் புஸ்தகமும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. வறுமையும் வழக்கமும் சேர்ந்து கற்பித்தன.

ஐரோப்பிய இரசாயனம் இந்த ஏற்பாட்டை மெல்ல மாற்றியது. 1828-இல் பிரான்ஸ் தேசத்து கிமே என்பவர் செயற்கையாகச் செய்துகாட்டிய நீலம், நாளடைவில் வெள்ளைத் துணிக்குப் போடுகிற சலவை நீலமாக ஏழை வீடுவரை வந்து சேர்ந்தது. 1897-இல் ஜெர்மானியத் தொழிற்சாலையொன்று செயற்கை அவுரியை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, நம் நாட்டு அவுரிப் பயிரே நலிந்தது.

இதற்கிடையே சாத்தூருக்கு அண்டையில் நிறத்தையே ஜீவனமாகக் கொண்ட ஒரு நகரம் எழுந்தது. 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் அதை நிலைநாட்டினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சு வேண்டும். அச்சு வளர்ந்ததும் நாட்காட்டிப் படங்கள் பெருகின. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி வந்து, கம்பெனி கலைந்தபின் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்ட சி. கொண்டையராஜு (1898–1976) எழுதிய முருகனும் லட்சுமியும், சிவகாசி அச்சில் ஏறித் தமிழ்நாட்டுச் சுவர்களையெல்லாம் நிறைத்தார்கள். ரோஜா நிறக் கன்னமும் மயில்நீல மேனியும் மின்னும் பொன்னாபரணமும் தெய்வத்துக்கு உரியவை என்று ஜனங்களின் கண் பழகிவிட்ட பிறகு, காவியும் கரியும் மட்டும் பூசிய பொம்மையை யார் வாங்குவார்கள்? நாட்காட்டியின் பிரகாசத்தை மண்ணில் கொண்டுவர வேண்டிய நிர்ப்பந்தம் பொம்மைக்காரருக்கு ஏற்பட்டது என்றே நான் கருதுகிறேன்.

அந்தப் பிரகாசத்தை எனாமல் டப்பா தந்தது. ஆனால் கொடுத்ததைவிட எடுத்துக்கொண்டது அதிகம். எனாமல் தடித்துப் படிவதால் சிறிய உருவத்தின் விரலிடுக்கும் கண்ணிமையும் மூடிப்போயின. உலரப் பொழுது பிடித்தது. தூரிகையைக் கழுவ டர்ப்பன்டைன் வாங்கும் செலவும் சேர்ந்தது. அக்காலத்துப் பளிச்சென்ற மஞ்சளிலும் சிவப்பிலும் ஈயம் கலந்திருந்ததோ இவை யாவற்றிலும் பெரிய கேடு, ஏனெனில் பொம்மை குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகிற வஸ்து. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற இந்திய அரசின் விதி 2016-இல்தான் பிறந்து, மறு ஆண்டு நவம்பரில் அமலுக்கு வந்தது.

இந்நிலையில்தான் அக்ரிலிக் வந்து சேர்ந்தது. ஜெர்மானியரான ஓட்டோ ரோம் 1901-இல் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட விஷயமே அக்ரிலிக் சேர்மங்கள்தான். 1907-இல் ஓட்டோ ஹாஸுடன் சேர்ந்து அவர் தொடங்கிய கம்பெனியின் அமெரிக்கக் கிளை, 1953-இல் சுவர்ப் பூச்சுக்கென்று ஓர் அக்ரிலிக் குழம்பை விற்பனைக்கு விட்டது. 1955-இல் அது லிக்விடெக்ஸ் என்ற பெயரில் ஓவியர் கைக்கும் வந்தது. பால்போன்ற அந்தக் குழம்பில் நீர் ஆவியானதும் பிசின் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து, பிறகு எந்த நீருக்கும் கரையாத மெல்லிய படலமாகின்றன. நீரில் கலக்கலாம், மெல்லிதாகப் பூசலாம், விரைவில் உலரும்: வேலம்பிசினிடமிருந்த குணங்கள் யாவும், அதனிடம் இல்லாத உறுதியோடு திரும்பி வந்தன. சுண்ணாம்பின் ஸ்தானத்தை வகிக்கிற டைட்டானியம் வெள்ளைக்கு மூலமான இல்மனைட்டோ, தெற்கே மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடக்கிறது.

மேல்நாட்டில், மேசைமேல் சிறு சேனைகளை நிறுத்திப் போர் நடத்தும் விளையாட்டுக்கு 1913-இல் எச். ஜி. வெல்ஸ் விதிகள் எழுதிய காலம் முதல், பொம்மை வீரர்களுக்கு வர்ணம் தீட்டுவது ஒரு தனிக் கலையாயிற்று. அவ்விளையாட்டுக்காரர்களும் நெடுநாள் எனாமலோடு மல்லாடிவிட்டே அக்ரிலிக்குக்கு வந்தார்கள். அவர்களுக்கென்று தயாராகும் குப்பிகள் நேர்த்தியானவை. ஆனால் இங்கே இறக்குமதி விலை. திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியில் கொலுப் பொம்மையும் கிறிஸ்துமஸ் குடில் உருவங்களும் செய்கிற குடும்பங்கள் அவ்விலை கொடுத்துத் தொழில் நடத்த முடியாது. பொம்மைக்கு வர்ணம் தீட்ட விரும்பும் நம் இளைஞர்களும் அதைக் கொடுக்க வேண்டியதில்லை. மலிவான வர்ணத்தில் நிறப்பொடி குறைவு, சாக்குக்கட்டிப் பொடி அதிகம். அதனால் ஒரே பூச்சில் மூடாது, அவ்வளவுதான். நல்ல வெள்ளைக்கும் கருப்புக்கும் கொஞ்சம் தாராளமாகச் செலவிட்டு, சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் எழுதுபொருள் கடையின் சிறு குப்பிகளில் வாங்கி, வெள்ளை அடித்தளத்தின்மேல் நீர்க்கக் கரைத்து இருமுறை பூசினால், விரலளவு உருவத்துக்கு அதற்குமேல் தேவையில்லை.

ஒரு விண்ணப்பம் மட்டும் உண்டு. பாட்டிமார் காலத்துப் பொம்மைகள் உங்கள் பரணில் இருக்குமானால், மங்கிவிட்டனவென்று அவற்றை நீர் விட்டுக் கழுவாதீர்கள். பிசின் கரைந்து வர்ணம் அதோடு போய்விடும். அவற்றின்மேல் புதுப் பெயிண்டும் ஏற்றாதீர்கள். உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டி, மெத்தென்ற பழந்துணியில் சுற்றி வையுங்கள். புது வர்ணத்தைப் புதுப் பொம்மைக்குப் பூசுங்கள்.