2003-ல் நம்பர் ஒன் பாட்டு எது?

சின்னக் கேள்விதான். 2003-ல் தமிழ்நாட்டின் நம்பர் ஒன் பாட்டு எது?

"இதிலென்ன சந்தேகம், மன்மத ராசாதான்" என்று பாதிப் பேராவது சொல்வீர்கள். எனக்கும் சந்தேகமில்லை. சரி, எத்தனை வாரம் முதலிடத்தில் இருந்தது? எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கினார்கள்? எந்தப் பாட்டு வந்து அதைக் கீழே தள்ளியது? இதற்கெல்லாம் பதில் கிடையாது. நமக்கு மறந்துபோய்விட்டது என்பதல்ல காரணம். யாரும் எண்ணவே இல்லை.

இதே கேள்வியை ஒரு லண்டன்காரரிடம் கேட்டுப் பாருங்கள். 2002 மார்ச்சில் வில் யங் பாடிய 'எவர்கிரீன்' முதல் வாரத்திலேயே 11 லட்சம் பிரதிகளைத் தாண்டியது என்று ஒப்பிப்பார். அங்கே ஒரே ஒரு பாட்டை முன்னிறுத்தி ஒரு சிடி போட்டு விற்றார்கள். அதற்குப் பெயர் 'சிங்கிள்'. கடையில் பில் போட்டால் அந்தப் பாட்டின் கணக்கில் ஏறிவிடும். இந்த வழக்கம் 1952 நவம்பரில் ஆரம்பித்தது. 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையில் இருந்த பெர்சி டிக்கின்ஸ் சுமார் 20 கடைகளுக்குப் போன் போட்டு, எது அதிகம் விற்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் தொழில்நுட்பம் :-)

வெள்ளைக்காரனுக்கு மட்டும்தான் இந்தப் புத்தி என்று நினைத்துவிட வேண்டாம். அதே 1952 டிசம்பரில் ரேடியோ சிலோனில் அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' தொடங்கியது. ஆகாசவாணி அப்போது சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்திருந்ததால் மொத்த இந்தியாவும் கொழும்பு பக்கம் காதைத் திருப்பியிருந்த நேரம். இசைத்தட்டுக் கடை விற்பனையையும் நேயர்களின் விருப்பத்தையும் வைத்து வாரா வாரம் இந்திப் பாட்டுகளை வரிசைப்படுத்தினார்கள். குறை சொல்பவர்கள் உண்டு. ஆனால் இந்திக்காரர்களிடம் பல பத்தாண்டுகளுக்கு ஒரு வரிசையாவது இருக்கிறது.

இப்போது நம்ம கதைக்கு வருவோம். 2002-ல் 'ஜெமினி' படத்தின் 'ஓ போடு' (பரத்வாஜ் இசை). 2003-ல் 'திருடா திருடி' படத்தின் 'மன்மத ராசா' (தினா இசை, யுகபாரதி வரிகள், பாடியது சங்கர் மகாதேவனும் மாலதியும்). 2004-ல் 'கில்லி' படத்தின் 'அப்படிப் போடு' (வித்யாசாகர் இசை, கேகேயும் அனுராதா ஸ்ரீராமும் பாடியது). கல்யாண வீடு, கோயில் திருவிழா, டவுன் பஸ், டீக்கடை என்று இவை ஒலிக்காத இடம் பாக்கியில்லை. ஆனால் கடையில் 'மன்மத ராசா' என்று தனியாக எதுவும் விற்கவில்லை. 'திருடா திருடி' கேசட்தான் விற்றது. அதை வாங்கியவர் எந்தப் பாட்டுக்காக வாங்கினார் என்று கேசட் கம்பெனிக்குத் தெரிய வழியே இல்லை.

அப்படியானால் தமிழில் சிங்கிளே இல்லையா? இருந்தது. அதை விற்றது கம்பெனி இல்லை, தெருமுனை ரெக்கார்டிங் சென்டர்.

ஞாபகம் இருக்கிறதா? 60 நிமிட டிடிகே அல்லது சோனி காலி கேசட். ஒரு துண்டுச் சீட்டில் சைடு ஏ-க்கு ஆறு பாட்டு, சைடு பி-க்கு ஆறு பாட்டு. கடைக்கார அண்ணன் "ரெண்டு நாள் கழிச்சு வா தம்பி" என்பார். அந்தத் துண்டுச் சீட்டுதான் தமிழனின் ஓட்டுச் சீட்டு! படத்தை விட்டுவிட்டு, தனக்குப் பிடித்த பாட்டை மட்டும் காசு கொடுத்து வாங்கிய இடம் அது ஒன்றுதான். ஊருக்குப் பத்துக் கடையில் அந்தச் சீட்டுகளை வாரா வாரம் எண்ணியிருந்தால், பெர்சி டிக்கின்ஸ் செய்ததைவிட நல்ல கணக்கே கிடைத்திருக்கும். ஆனால் அந்த வியாபாரம் பெரும்பாலும் உரிமை வாங்காமல் நடந்தது. சட்டத்துக்கு வெளியே நடப்பதற்கு யார் லெட்ஜர் வைப்பார்கள்?

இதில் ஒரு வேடிக்கை. 'முதல்வன்' (1999) படத்துக்கு ரஹ்மான் போட்ட 'ஷக்கலக்க பேபி' லண்டன் நாடகமான 'பாம்பே ட்ரீம்ஸ்' வழியாக 2002-ல் ஆங்கிலச் சிங்கிளாக வந்து பிரிட்டிஷ் டாப் 40-க்குள் எட்டிப் பார்த்தது. ஆக, ஒரு தமிழ் மெட்டு லண்டனில் எத்தனாவது இடம் என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அது பிறந்த சென்னையில் எத்தனாவது இடம் என்று சொல்ல முடியாது.

அந்த வருஷம் இன்னொன்றும் நடந்தது. உலகின் தலைசிறந்த பாட்டு எது என்று பிபிசி உலக சேவை 2002-ல் ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. 'தளபதி'யின் 'ராக்கம்மா கையத் தட்டு' நான்காம் இடம்! ஈழத்துப் பாடகர் திருமலை சந்திரனின் 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது' பாட்டும் முதல் பத்தில். குயின் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' பத்தாம் இடம்தான். கிண்டல் செய்தவர்கள் செய்தார்கள். நான் அதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தவுடன் தமிழன் ஓடிப்போய் வரிசையில் நின்றான். வீட்டை விட்டுத் தூரத்தில் இருப்பவனுக்கு அந்த அவசரம் இன்னும் அதிகம். பாணேரில் கணபதி ஊர்வல டிரம்மில் மராத்திப் பாட்டுக்கு நடுவே நம்ம ஊர் மெட்டு ஒன்று கேட்டால் எனக்கும் "இது எங்களுது" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லத் தோன்றும்.

2011 நவம்பரில் 'கொலவெறி' வந்தபோதுதான் நிலைமை மாறியது. படத்துக்கு முன்னால் பாட்டு தனியாக வந்தது, யூட்யூப் ஒவ்வொரு தட்டலையும் எண்ணியது. 'ரவுடி பேபி' 2020-ல் 100 கோடியைத் தாண்டியதைப் பேப்பரில் போட்டார்கள். ஆக, 2000-களின் ஆரம்பம் ஒரு பள்ளம். அதற்கு முன்னால் இந்திக்காவது ரேடியோ வரிசை, அதற்குப் பின்னால் யூட்யூப் கணக்கு. நடுவில் விழுந்தவை நம் மன்மத ராசாவும் ஓ போடுவும்.

போனால் போகட்டும், பாட்டுதானே என்று விட முடியவில்லை. எண்ணிக்கை என்பது வெறும் பெருமை இல்லை, கூலி. அந்தக் காலத்தில் பெரும்பாலும் பாட்டு எழுதியவருக்கு ஒரு தொகை கையில் கொடுப்பார்கள், அத்தோடு சரி. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு, அதை யாரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று ஆனது. எத்தனை முறை ஒலித்தது என்று தெரிந்தால்தானே பங்கு கேட்க முடியும்? 2003-ல் ஊரே ஆடிய பாட்டுக்கு அந்தக் கணக்கைத் திரும்ப எடுக்க வழியில்லை.

ஆனாலும் ஒரு சின்ன ஆசை. அந்த ரெக்கார்டிங் சென்டர் அண்ணன்கள் பலர் இப்போது மொபைல் கடையோ ஜெராக்ஸ் கடையோ வைத்திருக்கிறார்கள். ஊருக்குப் போகும்போது விசாரியுங்கள். பரணில் எங்காவது ஒரு ஆர்டர் நோட்டு கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். தமிழ்ப் பாட்டுக்கு அப்போது இருந்த ஒரே டாப் டென் அதுதான்.