காதற்ற ஊசிகளும் அவற்றின் காரியமும்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் ஓட்டு வீடுகளையும் கூரை வீடுகளையும் பிரிக்கும்போது எரவாணத்திலிருந்து துருவேறிய இரும்புக் கருவிகள் விழுவது வழக்கம். அவற்றுள் சாண் அளவோ அதற்குச் சற்றுக் குறைவோ உள்ள ஊசி போன்ற பொருள்களும் இருக்கும். ஒன்றின் நுனி வளைந்திருக்கும்; ஒன்றிற்குக் காது இராது; ஒன்று இரு முனையிலும் கூம்பியிருக்கும். இஃது என்ன என்று வினவினால் ஒருவர் கோணியூசி என்பார்; ஒருவர் குத்தூசி என்பார்; படித்தவர் ஒருவர் உடனிருந்தால் எழுத்தாணி என்று முடிவு கட்டிவிடுவார். எழுத்தாணி என்றால் அது போற்றி வைக்கப்படும். மற்றவை பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போகும். ஆதலின் ஓர் ஊசியின் பயனை அறிவது பெயர் சூட்டும் விளையாட்டன்று; எவருடைய உழைப்பின் அடையாளம் நிலைபெறும், எவருடையது அழியும் என்பதையும் அதுவே முடிவு செய்துவிடுகிறது.

ஊசியின் பயனை அதன் நீளத்தைக் கொண்டு அறிய முயல்வது வீண். முதலில் நோக்க வேண்டியது நுனியை. துணி தைக்கும் ஊசியின் நுனி உருண்டு கூர்ந்திருக்கும். துணி என்பது இழைகளின் பின்னலாதலின், ஊசி இழையை அறுக்காமல் விலக்கிக்கொண்டு நுழைந்தால் போதும். தோலில் விலகிக் கொடுக்கும் இழை இல்லை. அதை அறுத்தே வழி செய்ய வேண்டும். ஆகவே தோல் தைக்கும் ஊசியின் நுனி முப்பட்டையாகவோ தட்டையான அலகாகவோ தீட்டப்பட்டிருக்கும். இக்கால அறுவை மருத்துவர்கள் மனிதத் தோலைத் தைக்கப் பயன்படுத்தும் ஊசிகளிலும் இம்முப்பட்டை நுனியைக் காணலாம். துணிக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று என்னும் இவ்வேறுபாடு தமிழருக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரத்துத் தொழிலாளரை அடுக்குமிடத்தில் துன்னகாரரையும் தோலின் துன்னரையும் தனித்தனியே எண்ணுகின்றது. தைப்பவர் எல்லாரும் ஒருவரல்லர் என்பதை இளங்கோவடிகள் அறிந்திருந்தார்.

வளைந்த நுனியின் காரணம் இன்னும் எளியது. நிறைந்த மூட்டையின் வாயைத் தைப்பவர் உள்ளே கைவிட்டு ஊசியை வாங்க இயலாது. குத்திய பக்கத்திலேயே நுனி மீண்டும் வெளிவர வேண்டும். அதற்காகவே கோணியூசி முனையில் வளைந்து, அவ்வளைவில் சற்று அகன்று தட்டையாகின்றது. சணற்கயிறு நுழையத்தக்க பெரிய காது மறுமுனையில் இருக்கும். பெரம்பலூர் கரிசல் நிலம் மிகுந்தது. தமிழகத்தில் பருத்தி மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் ஒன்று. (இம்மாவட்டம் திருச்சிராப்பள்ளியிலிருந்து 1995இல் பிரிந்தது, அரியலூர் 2001இல் தனித்து, 2002இல் மீண்டும் இணைந்து, 2007இல் மறுபடி தனியாயிற்று. நிலத்துக்கு இக்கணக்கு ஒன்றும் தெரியாது.) பருத்தியும் வரகும் கம்பும் மூட்டையேறிய ஊர்களில் வீட்டுக்கு ஒரு கோணியூசி இருந்ததில் வியப்பில்லை. வங்கத்தில் ஊக்ளி ஆற்றங்கரையில் ரிஷ்ராவில் 1855இல் முதற் சணல் ஆலை எழுந்த பின்னரே ஆலைக் கோணி எங்கும் மலிந்தது. அதற்கு முன்னரும் பொதிமாடுகளின் மேல் ஏற்றிய பொதிகளுக்குத் தையல் வேண்டியிருந்தது, ஊசியும் வேண்டியிருந்தது.

இனிக் காதற்ற ஊசிக்கு வருவோம். பட்டினத்தாரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட இத்தொடர், ஒன்றுக்கும் உதவாத பொருளுக்கு வழக்கில் உவமையாகிவிட்டது. துறவியின் நோக்கில் அது பொருத்தமே. கைத்தொழிலாளரின் நோக்கில் அவ்வாறன்று. காதில்லாமலே பிறந்து, காதில்லாமையாலேயே பயன்பட்ட ஊசிகள் பல உள. துளையிடுவதற்கு மட்டும் உரியது தமரூசி. அதற்கு நூல் கோக்கும் வேலை இல்லை. அதன் அடிப்பகுதி மரப்பிடிக்குள் செருகுவதற்காகச் சதுரமாகக் கூம்பியிருக்கும். பிடி உளுத்து உதிர்ந்தபின் எஞ்சும் இரும்பு இருமுனையும் கூம்பி நிற்கும். அதை ஆணி என்று எண்ணுவோர் ஒன்றை நோக்க வேண்டும்: ஆணிக்கு அடிவாங்கும் தலை உண்டு; தமரூசிக்கு இல்லை.

எழுத்தாணியும் காதற்றதே. இவ்வட்டாரத்தில் எழுத்தாணியைப் பற்றிப் பேசும்போது டாக்டர் உ.வே. சாமிநாதையரை நினையாதிருத்தல் இயலாது. 1855இல் பிறந்த ஐயரவர்கள் இளமையில் அரியலூரில் சடகோபையங்காரிடமும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் தமிழ் பயின்றார். தம் வரலாற்று நூலான ‘என் சரித்திரம்’ என்பதில் அக்காலத்துப் பள்ளிக் கருவிகளை அவர் விளக்கியிருப்பது, துருப்பிடித்த இரும்பை அடையாளம் காண முயல்வோர்க்குப் பெருந்துணை. குண்டெழுத்தாணிக்குத் தலை கனத்து உருண்டிருக்கும். எழுதப் பழகும் சிறுவர்க்கு அது ஏற்றது. வாரெழுத்தாணி அதனினும் நீண்டது. தலையில் ஓலை வாரும் சிறு கத்தி அமைந்திருக்கும். மடக்கெழுத்தாணி பிடிக்குள் மடங்கிக் கொள்ளும். ஆக, தலையில் குண்டோ கத்தியோ மடக்கோ ஒன்றுமில்லாத வெறுங் கூரிரும்பை எழுத்தாணி என்பதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை எண்ண வேண்டும்.

நுனியும் சான்று பகரும். எழுத்தாணி ஓலையைக் கீற வேண்டுமே அன்றித் துளைத்தல் கூடாது. அதனால் அதன் முனை தையலூசிபோல் அத்துணைக் கூராக இராது. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படாமைக்கும் இத்துளையச்சமே காரணம் என்பர். அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் தங்கித் தமிழ்த்தொண்டு செய்த வீரமாமுனிவர், எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிடும் பழைய முறையை விடுத்து, நெடில்களை வடிவத்தாலேயே வேறுபடுத்திய சீர்திருத்தத்தையும் இப்பின்னணியில் வைத்து நோக்கலாம். இரும்பு முனையின் இயல்பு எழுத்தின் வடிவத்தையே மாற்றியிருக்கின்றது.

சுவடியோடு தொடர்புடைய மற்றொரு காதற்ற கம்பியும் உண்டு. ஓலைகள் கலையாதிருக்கத் துளையில் செருகப்படும் அதற்கு நாராசம் என்று பெயர். காய்ச்சிய நாராசத்தைக் காதில் பாய்ச்சினாற்போல என்னும் வழக்கில் அச்சொல் இன்றும் வாழ்கின்றது; பொருளைக் கண்டவர்தாம் அருகிவிட்டனர். நுனி முதல் அடி வரை ஒரே பருமனாக, தேய்மானமின்றி இருக்கும் மெல்லிய கம்பியைக் கண்டால் நாராசமோ என ஐயுறலாம். வேலை செய்த ஊசி நுனியில் தேயும். காவல் மட்டும் செய்த கம்பி தேய்வதில்லை.

சாமிநாதையர் பிற்காலத்தில் ஓலையிலிருந்து அச்சேற்றிய நூல்களிலேயே சிறப்பான இரண்டு ஊசிகள் இருக்கின்றன. 1904இல் அவர் வெளியிட்ட பதிற்றுப்பத்தில், பரணர் பாடிய ஐந்தாம் பத்தில், போர்ப்புண்ணைத் தைக்கும் நெடிய வெள்ளூசி வருகின்றது. மீனைக் குறித்துக் குளத்தில் பாய்ந்தெழும் சிரற்பறவையின் அலகு அதற்கு உவமை. குருதியில் மூழ்கி மேலெழும் ஊசியின் இயக்கத்தை அருகிருந்து கண்டவரன்றி இவ்வுவமையை அமைத்திருக்க இயலாது. மற்றொன்று 1894இல் அவர் பதிப்பித்த புறநானூற்றின் 82ஆம் பாட்டில் உள்ளது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி மல்லனோடு பொருத விரைவுக்குச் சாத்தந்தையார் ஒரு தொழிலாளியின் கைவிரைவை உவமை கூறுகின்றார். ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்கின்றது, பொழுதும் சாய்கின்றது, அந்நேரத்தில் கட்டிலை வாரால் பிணித்துக்கொண்டிருக்கின்றான் அவன். அவன் கையிலிருப்பது தையலூசி அன்று என்பது கருதத்தக்கது. அவ்வூசி தோலைத் துளைப்பதில்லை. முன்னரே இழுத்த வார்களுக்கிடையே புதிய வாரைச் செலுத்துகின்றது. எனவே அதற்குக் கூர்நுனி வேண்டா. கூர்ந்திருந்தால் வாரையே கிழிக்கும். வார் நுழையும் அகன்ற காதே வேண்டும். மழுங்கிய நுனியும் அகன்ற காதும் உள்ள ஊசியைக் கண்டு, இது தேய்ந்து பயனற்றது என ஒதுக்குவோர் இப்பாட்டை நினைக்கலாம். மன்னனின் வீரத்துக்கு உவமையாகும் அளவுக்குத் தேர்ந்த அக்கையை உடையவனைப் பாட்டு ‘இழிசினன்’ என்றே சுட்டுகின்றது. அவன் பெயர் அதில் இல்லை.

அகழாய்விலும் இவ்வடையாளச் சிக்கல் எழுவதுண்டு. கீழடியில் கிடைத்த எலும்பாலான கூர்முனைக் கருவிகளை நெசவில் உருவங்கள் அமைக்கப் பயன்பட்டவை எனத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை கொள்கின்றது. அம்முடிவுக்கு வலுவூட்டுவது கருவியின் வடிவம் மட்டுமன்று. உடன் கிடைத்த தக்களிகளும் செப்பு ஊசியுமாகும். தனித்துக் கிடந்தால் ஓர் எலும்பு முள் எதுவாகவும் இருக்கலாம். கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் 1980களிலும் 2021 முதலும் நிகழ்ந்த அகழாய்வுகளில் இரும்பாணிகள் கூரையோடுகளோடு சேர்ந்தே வெளிப்பட்டன. அச்சேர்க்கையே அவற்றை மாளிகையின் கூரைக்கு உரியனவாகக் காட்டுகின்றது. எரவாணத்து இரும்பை எடுப்பவரும் அது எவர் வீட்டில், எதனோடு கிடந்தது என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். கணக்கப்பிள்ளையின் வீட்டு இரும்பும் செம்மானின் வீட்டு இரும்பும் தோற்றத்தில் ஒன்றாயினும் வரலாற்றில் ஒன்றல்ல.

உள்ளூர்க் கொல்லர் அடித்த ஊசியை அதன் காதே காட்டிக்கொடுக்கும். கம்பியின் முனையைத் தட்டையாக்கித் துளையிட்டதனால் காதைச் சுற்றிலும் உடல் அகன்றிருக்கும். துளையும் செவ்வட்டமாக இராது. கொல்லன் தெருவில் ஊசி விற்கலாமா என்னும் பழமொழி பிறந்த காலத்து ஊசி இதுவே. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து ஆலைகள் உலகச் சந்தைக்கு எஃகூசிகளைப் பெருந்தொகையாக அனுப்பத் தொடங்கியபின், மெல்லிய துணியூசி கொல்லுலையை விட்டு அகன்றது. ஆனால் பருத்த ஊசி அகலவில்லை. ஊருக்கு ஊர் தேவை வேறுபட்டதால் அதை ஊர்க் கொல்லரே செய்து தரவேண்டியிருந்தது.

அத்தேவைகளுள் இவ்வட்டாரத்துக்குச் சிறப்பானது கவலைக் கிணறு. ஆற்றுப் பாய்ச்சல் எட்டாத மேட்டு நிலங்களில், மாடுகள் வடக்கயிற்றை இழுத்துச் சரிவில் இறங்க, சால் நீரோடு மேலெழும். சாலின் அடியில் இணைத்த தோற்குழாய் வழியாக நீர் வாய்க்காலில் கொட்டும். எப்போதும் நனைந்தும் காய்ந்தும் இழுபட்டும் கிடக்கும் அக்குழாயின் தையல் அடிக்கடி விட்டுப்போகும். தையல் விட்டால் நீர் பாதி வழியில் ஒழுகும், பயிர் வாடும். அதைத் தைக்க மெல்லூசி உதவாது. முதலில் தமரூசியால் துளையிட்டு, பின் அத்துளையில் தோல்வாரைச் செலுத்தி இறுக்க வேண்டும். துளை வாரைவிடப் பெரிதானால் நீர் கசியும். ஆதலால் ஊசியின் பருமனும் வாரின் அகலமும் ஒன்றுக்கொன்று அளவாக இருத்தல் வேண்டும். அவ்வளவை அறிந்தவர் ஊரின் தோல் தொழிலாளர். ஆண்டு முழுதும் செய்த அவ்வேலைக்கு அறுவடைக் களத்தில் தானியமே அவர்க்குக் கூலியாயிற்று. மின்விசை இறைப்பான்கள் வந்தபின் கவலை நின்றது. சாலும் தோலும் மட்கின. கவலைக் கிணறு இருந்த ஊரில், தோல் தைத்தவர் வீட்டு எரவாணத்திலிருந்து, அடி சதுரமாகவும் நுனி முப்பட்டையாகவும் உள்ள காதற்ற ஓர் ஊசி விழுமாயின், அது பெரும்பாலும் இந்தத் தமரூசியே.