கைதியிடம் பெற முடியாத கையொப்பம்: முஜிபும் லண்டனும், 1971–72

1971 ஜூலை 29 அன்று லண்டனில் வங்கதேசத்தின் எட்டு அஞ்சல் தலைகள் வெளியாயின. வரைந்தவர் அங்கே வாழ்ந்த வங்க ஓவியர் பிமான் மல்லிக். நாடு பிறக்கவில்லை, தபால்தலை பிறந்துவிட்டது. இரண்டு ரூபாய்த் தலையில் கிழக்குப் பாகிஸ்தானின் 1970 தேர்தல் முடிவு: 169இல் 167 இடங்கள். ஐந்து ரூபாய்த் தலையில் ஷேக் முஜிபுர் ரகுமானின் முகம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த ஆண்டின் சிக்கல் விளங்கிவிடும். ஓட்டு வாங்கியவர் மேற்குப் பாகிஸ்தானில் சிறையில் இருந்தார்.

முஜிபின் விடுதலையைப் பூட்டோவின் பெருந்தன்மை என்பார்கள். இந்திரா காந்தியின் சாமர்த்தியம் என்பாரும் உண்டு. என் வாதம் வேறு. குறைத்துக் கேட்கவும், கேட்டதைத் தம் மக்களிடம் செலாவணியாக்கவும் வல்லவர் ஒருவரே இருந்தார். முஜிபைப் பூட்டிவைத்ததன் மூலம் பாகிஸ்தான் அதிபர் யாகியா கான் தமக்கிருந்த ஒரே வழியையும் அடைத்துக்கொண்டார்.

சிறையில் இருந்தபடி முஜிப் பேச்சுக்கு வரமாட்டார் என்பதற்கு முன்னுதாரணம் இருந்தது. இந்தியாவோடு சேர்ந்து சதி செய்ததாகத் தொடரப்பட்ட அகர்தலா வழக்கில் முஜிபுக்காக வாதாட, லண்டன்வாழ் வங்காளிகள் பணம் திரட்டித் தாமஸ் வில்லியம்ஸ் என்னும் வழக்கறிஞரை 1968இல் டாக்காவுக்கு அனுப்பினர். அப்போதைய அதிபர் அயூப் கான் வட்டமேசை மாநாட்டுக்குப் பரோலில் வரச் சொன்னபோது முஜிப் மறுத்தார். 1969 பிப்ரவரி 22 அன்று வழக்கே திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகே போனார். யாகியா இதிலிருந்து பாடம் கற்கவில்லை. 1971 ஆகஸ்டில் மூடிய அறைக்குள் ராணுவ விசாரணை தொடங்கியது.

அக்டோபர் இறுதியில் லண்டன் வந்த இந்திரா, பிரதமர் ஹீத்திடம் வற்புறுத்தியது, பேசுவதானால் முஜிபோடு பேச வேண்டும் என்பதே. பிரிட்டன் ‘அரசியல் தீர்வு’ என்றது. யாரோடு என்ற கேள்விக்கு விடை சொல்லாத தீர்வு வெறும் சொல்தான். கல்கத்தாவில் அமெரிக்கர்கள் நாடுகடந்த வங்கதேச அரசின் அமைச்சர் கொண்டக்கர் முஷ்டாக் தரப்போடு ரகசியமாகப் பேசிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. தாஜுதீன் அகமதைப் பிரதமராகக் கொண்ட அந்த அரசே சிறையிலிருந்தவரைக் குடியரசுத் தலைவராக அறிவித்திருந்தது. அவர் இல்லாமல் விட்டுக்கொடுத்தவர் துரோகிப் பட்டம் சுமக்க நேர்ந்திருக்கும்.

கைதி உயிரோடிருந்தால்தான் இந்த வாதத்துக்கே இடம். 1983 ஜூலையில் இலங்கையின் வெலிக்கடைச் சிறையில் தமிழ்ப் போராளிகள் குட்டிமணியும் தங்கதுரையும் கொல்லப்பட்டதை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தபின், யாகியாவிடமிருந்து ஆட்சியேற்ற பூட்டோவின் கணக்கு மாறியது. தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட பாகிஸ்தானியர் இந்தியாவின் பிடியில் இருந்தனர். இரு பகுதிகளுக்கும் ஏதாவதொரு பிணைப்பு மிஞ்சட்டும் என்று அவர் முஜிபிடம் கேட்டுப் பார்த்தார். என் மக்களைப் பார்க்காமல் எதுவும் சொல்வதற்கில்லை என்ற தொனியில்தான் பதில் வந்தது. 1969இன் அதே பிடிவாதம்.

இந்திய வான்வழி பாகிஸ்தான் விமானங்களுக்கு 1971 பிப்ரவரியிலிருந்தே மூடப்பட்டிருந்தது. கிழக்கே போக இலங்கையின் கட்டுநாயக்காவில் எரிபொருள் நிரப்பினார்கள் என்பது ஈழத்து வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆகவே டாக்காவுக்கு நேரே அனுப்ப வழியில்லை. 1972 ஜனவரி 8 காலையில் முஜிப் ஹீத்ரோவில் இறங்கினார். கிளாரிட்ஜஸ் ஓட்டலில் நிருபர்கள் மொய்த்தார்கள். வெளியூரில் இருந்த ஹீத் திரும்பி வந்து அன்று மாலை டவுனிங் தெருவில் அவரைச் சந்தித்தார். எந்த நாட்டின் தலைவராக? வங்கதேசத்தைப் பிரிட்டன் அங்கீகரித்தது பிப்ரவரி 4 அன்றுதான். ஆனால் ஜனவரி 9 அன்றே முஜிபை ஏற்றிக்கொண்டு பிரிட்டிஷ் விமானப்படையின் காமெட் விமானம் டில்லிக்குக் கிளம்பிவிட்டது.