எதிர்க்கரையில் கிடைத்த விருந்து

சாத்தான்குளத்திலிருந்து கிழக்கே சென்றால் காயல் கடற்கரை. அக்கடலுக்கு அப்பால், இலங்கையின் மேற்குக் கரையில் உள்ளது புத்தளம். ஹிஜ்ரி 745-இல், அதாவது கி.பி. 1344-இல், மாலத்தீவிலிருந்து மஅபர் எனப்பட்ட நம் தமிழகக் கரையை நாடிப் புறப்பட்ட இப்னு பதூதா (ரஹ்) அவர்களின் கப்பல் அங்கேதான் போய் ஒதுங்கிற்று. மூன்று நாள் பயணம். தேர்ந்த மாலுமி இல்லாமையால் ஒன்பது நாளாயிற்று.

கரை தெரிந்தும் கப்பலோட்டிகள் இறங்க அஞ்சினர். அது ஆரியச் சக்கரவர்த்தியின் துறை. அவர் கடற்கொள்ளையர் என்பது அவர்கள் எண்ணம். தம்மை மட்டும் இறக்கிவிடுமாறு கூறிய இப்னு பதூதா, மஅபர் சுல்தானுக்குத் தாம் சகலர் என்று சொல்லி அரசவையை அடைந்தார். அஞ்சப்பட்ட அம்மன்னரோ பார்சி மொழி அறிந்தவர். பிற நாட்டுச் செய்திகளைக் கேட்பதில் பெருவிருப்புடையவர். மூன்று நாள் விருந்தோம்பி, முத்துக்களையும் அளித்து, வேண்டியதைக் கேட்கச் சொன்னார். நபி ஆதம் (அலை) அவர்களின் பாதம் பதிந்ததாகக் கருதப்படும் மலையைக் காண வேண்டும் என்பதே அவர் கேட்டது. பல்லக்கும், வழித்துணைக்கு யோகியர் நால்வரும், பிராமணர் மூவரும், அரசரின் ஆட்கள் பதின்மரும், உணவுப்பொருள் சுமக்கப் பதினைவரும் கிடைத்தனர். ஓராண்டானாலும் காத்திருப்பேன் என்றார் கப்பல் தலைவர். அவரும் மன்னரின் விருந்தினரானார்.

பாவாத மலைக்கு இரு வழிகள்: ஒன்று ‘பாபா’ வழி, மற்றது ‘மாமா’ வழி, முன்னது ஆதம் (அலை), பின்னது ஹவ்வா (அலை) அவர்கள் பெயரால் அமைந்தவை. கடினமான முதல் வழியிலேயே அவர் ஏறினார். பிடித்தேறப் பத்துச் சங்கிலிகள். பத்தாவதன் பெயர் ஷஹாதத் சங்கிலி. அங்கிருந்து கீழே நோக்குபவர் விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தில் கலிமா சொல்லிவிடுவாராம்!

உணவைப் பற்றி அவர் எழுதியிருப்பவை, நாம் மனனம் செய்யும் போர்களின் ஆண்டுகளைவிடப் பயனுள்ளவை என்பேன். மலபாரில் பிற சமயத்தார் முஸ்லிம் பயணியை இல்லத்துள் அனுமதிப்பதில்லை. முஸ்லிம்கள் இல்லாத ஊர்களில் சமைத்து, வெளியே வாழையிலையில் சோற்றையும் குழம்பையும் இடுவர். இலங்கையிலோ இல்லத்துள் அழைத்து உடன் உண்டனர். அதற்குக் காரணமாக ஷீராஸ் ஞானி இப்னு கஃபீஃப் (ரஹ்) அவர்களின் சம்பவத்தைக் கூறுகிறார். வழிதவறிப் பசித்த தோழர்கள் யானைக்குட்டியை அறுத்து உண்டனர். அவர் மட்டும் மறுத்தார். இரவில் வந்த யானைகள் உண்டவர்களைக் கொன்று, உண்ணாதவரை முதுகில் ஏற்றி ஊரில் சேர்த்தன. இதை வரலாறாகக் கொள்வதினும் மக்கள் நினைவாகக் கொள்வதே பொருத்தம். எனினும் பசியிலும் ஹராமுக்குக் கை நீட்டாத ஒருவரின் பெயரால், பல நூற்றாண்டுக்குப் பின் வந்த பயணிக்கும் கதவு திறந்தது.

மற்றொன்றும் எழுதுகிறார். மாலத்தீவு, இலங்கை, மஅபர், மலபார் ஆகிய நாடுகளில் மூன்றாண்டுகள் சோறு மட்டுமே உண்டமையால், இறுதியில் தண்ணீர் குடித்தே அதை விழுங்க முடிந்ததாம். நமக்குச் சிரிப்பு வரும். ரொட்டியில் வளர்ந்த மொராக்கோ நாட்டவருக்கு அது சிரமமே.

திரும்பியபோது கப்பல் சொன்னபடியே காத்திருந்தது. மஅபர் கரையை நெருங்குகையில் புயலடித்து, ஆழமற்ற நீரில் அது சிக்கிற்று. தோழர்களை முன்னே அனுப்பிவிட்டுக் கப்பலின் பின்புறத்தில் இரவைக் கழித்தவரை, விடிந்ததும் படகில் வந்து கரைசேர்த்தவர்கள் அவ்வூர்ப் பிற சமய மக்களே.