தகுதிக்கு ஒரு கைமுக்கு

சுசீந்திரத்துக்குப் போகிறவர்கள் பதினெட்டு அடி அனுமாரைக் கும்பிடுவார்கள். இசைத் தூண்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கன்னியாகுமரிக்கு சூரிய அஸ்தமனம் பார்க்க ஓடுவார்கள். அதே கோயிலில் ஒரு காலத்தில் நடந்த இன்னொரு சமாசாரத்தை வழிகாட்டிகள் சொல்லுவதும் உண்டு. அதற்குப் பெயர் கைமுக்கு.

ஒழுக்கம் தவறியதாகக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரியை இங்கே அழைத்து வருவார்கள். சந்நிதியில் நெய் கொதித்துக்கொண்டிருக்கும். அவர் அதில் கையை விட வேண்டும். பிறகு கையைத் துணியால் கட்டி முத்திரை வைத்து, சில நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள். வெந்திருந்தால் குற்றவாளி. வேகவில்லை என்றால் நிரபராதி! தேவேந்திரனே இங்கே கொதிக்கும் நெய்யில் முழுகி அகலிகை விவகாரத்துப் பாவத்தைத் தீர்த்துக்கொண்டு சுத்தமானான், அதனால்தான் ஊருக்கே 'சுசி இந்திரம்' என்று பெயர் என்கிறது ஸ்தலபுராணம். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், இந்தச் சோதனைக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள்.

கைமுக்கில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. குற்றம் சாட்டியவன் எதையும் நிரூபிக்க வேண்டாம். நிரூபிக்கிற வேலை, வலி, செலவு எல்லாம் நெய்க்கு எதிரே நிற்கிற ஆளுக்குத்தான். அரசாங்கம் பணமோ சோறோ கொடுக்கும்போது 'யாருக்குத் தகுதி?' என்று கேட்கிறதே... அந்தக் கேள்வியின் சரித்திரத்தைப் புரட்டினால் இதே சங்கதிதான் வேறு வேறு வேஷத்தில் வருகிறது. சுசீந்திரத்தில் நின்றுகொண்டே அதில் பாதியைப் பார்த்துவிடலாம்.

1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூர் ராஜ்யத்தையே பத்மநாப சுவாமிக்கு எழுதிவைத்தார். அதன் பிறகு அரசர் வெறும் 'பத்மநாபதாசன்'. நாடு தர்மராஜ்யம். அந்தத் தர்மத்தின் கண்ணுக்குத் தெரிந்த அடையாளம் ஊட்டுப்புரை. ராஜ்யத்தின் முக்கியமான ஊர்களில் எல்லாம் சர்க்கார் செலவில் சாப்பாட்டுச் சாலைகள் இருந்தன. வழிப்போக்கராக வரும் பிராமணர் இலையில் உட்காரலாம், வயிறாரச் சாப்பிடலாம், காசு கிடையாது. வயலும் தோப்புமாக வசதியாக இருப்பவரா, அன்றாடங்காய்ச்சியா என்று யாரும் கேட்க மாட்டார்கள். பிறந்த குலம் ஒன்றே தகுதி!

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதை ஏழைகளுக்கான நிவாரணம் என்று அந்தக் காலத்து அரசர் நினைக்கவே இல்லை. பிராமண போஜனம் ராஜாவுக்குப் புண்ணியம், ராஜ்யத்துக்கு க்ஷேமம், அவ்வளவுதான். ஆனால் பி.காம் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. செலவைப் பார்த்ததும் வரவுப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பான்.

வரவு எங்கிருந்து வந்தது? திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமே நாஞ்சில் நாடுதான். இங்கே விளைந்த நெல் இதில் உண்டு. நாடார்களும் ஈழவர்களும் கட்டிய தலைவரி உண்டு. உடம்பின் மேல் ஒரு தலை இருக்கிறதல்லவா, அதற்கு வரி! 1815-ல்தான் அதை ஒழித்தார்கள். 1811-12 வாக்கில் ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ 348 பெரிய கோயில்களை நிலபுலன்களோடு சர்க்கார் வசம் கொண்டுவந்தார். அப்புறம் கோயில் சோறு எது, கஜானா சோறு எது என்று பிரித்துச் சொல்லவே முடியாமல் போயிற்று.

சாமுவேல் மெட்டீர் என்ற லண்டன் மிஷன் பாதிரியார் 1871-ல் திருவிதாங்கூரைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். தலைப்பைத் தமிழில் 'தர்ம பூமி' என்று சொல்லலாம். உள்ளே படித்தால் அந்தத் தலைப்பில் இருக்கும் குத்தல் புரியும். எல்லோரும் வரி கட்டுகிறார்கள், ஒரு சாரார் மட்டும் சாப்பிடுகிறார்களே என்பது அவர் புகார். ஆள் சேர்க்க வந்த பாதிரியாருக்கு அவருடைய கணக்கு இருந்திருக்கும். ஆனாலும் இந்தக் கணக்கில் தப்பு கண்டுபிடிப்பது கஷ்டம்.

இலையில் உட்காருவது கிடக்கட்டும். அந்தத் தெருவில் நடப்பதற்கே தகுதி கேட்ட ஊர் இது. வைக்கம் போராட்டம் முடிந்த சூட்டோடு, 1926-ல் சுசீந்திரத்தில் டாக்டர் எம்.இ. நாயுடு தலைமையில் சத்தியாக்கிரகம் ஆரம்பித்தது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்க வேண்டும், கேட்டது அவ்வளவுதான். கோயிலுக்குள்ளேயே எல்லோரும் போகலாம் என்று மகாராஜா சித்திரைத் திருநாள் பிரகடனம் செய்ய 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் வெள்ளைக்காரன் சீமை. அங்கே குலம் கோத்திரம் பார்க்கவில்லை. வேறொன்றைப் பார்த்தார்கள். உடம்பை!

1876-78 தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த நேரத்தில், வைஸ்ராய் லிட்டன் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை அனுப்பிவைத்தார். இந்த டெம்பிளுக்கு ஒரு முன்கதை உண்டு. 1873-74-ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசியைக் கப்பல் கப்பலாக இறக்கி, பட்டினிச் சாவே அதிகம் இல்லாமல் சமாளித்த மனிதர் அவர். அதற்காக மாலையா போட்டார்கள்? 'ஏன் இவ்வளவு செலவு?' என்று லண்டனில் கிழி கிழியென்று கிழித்தார்கள். சூடுபட்ட பூனை சென்னைக்கு வரும்போது கையில் தராசோடு வந்தது.

நிவாரண வேலை செய்கிற ஆணுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 450 கிராம் தானியம், ஓர் அணா. பெண்ணுக்கும் குழந்தைக்கும் அதைவிடக் குறைச்சல். மண் வெட்டிச் சுமக்கிற ஆளுக்கு இது போதாது, 680 கிராமாவது வேண்டும் என்று சென்னை மாகாணச் சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ் மல்லுக்கு நின்றார். இன்னொரு நிபந்தனையும் இருந்தது. வீட்டுக்கு அருகிலேயே வேலை கிடையாது. பத்து மைலாவது நடந்து முகாமுக்குப் போக வேண்டும். நிஜமாகவே பசிக்கிறவன் நடந்து வருவான், பசிக்காதவன் வரமாட்டான் என்பது வாதம். ரொம்பப் பசித்தவனால் நடக்கவே முடியாது என்பது வாதம் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை போலும்! சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்ஹாம் கால்வாய்த் துண்டு இப்படிப்பட்ட பஞ்ச நிவாரணக் கூலியில் வெட்டியதுதான். அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது சரித்திர ஆசிரியர்களின் கணக்கு.

இந்த யோசனைகூட இங்கே முளைத்தது அல்ல. 1834-ல் இங்கிலாந்தில் ஏழைகள் சட்டம் ஒன்று போட்டார்கள். உதவி வேண்டுமா, 'ஒர்க்ஹவுஸ்' என்ற விடுதிக்குள் வந்து அடைபட்டுக் கிட. உள்ளே வாழ்க்கை, வெளியே இருக்கிற கடைசிக் கூலிக்காரன் வாழ்க்கையைவிட மோசமாக இருக்க வேண்டும். அப்போதுதான் உண்மையான ஏழை மட்டும் வருவான்! நம் ஊரில் இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. 1782 பஞ்சத்தில் சென்னையில் கஞ்சி காய்ச்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம். அதன் வாரிசுதான் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வடசென்னைப் பெரியவர்கள் வாயில் அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி.

1956 நவம்பர் 1-ம் தேதி குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. காமராஜர் ஆட்சியில் 1962 ஏப்ரல் 1 முதல் முதியோர் உதவித்தொகை வந்தது. மாதம் 20 ரூபாய். திருவிதாங்கூர்க்காரரோ, திருநெல்வேலிக்காரரோ, எந்தச் சாதியோ, வயதாகிவிட்டது, கதியில்லை என்றால் கஜானாவிலிருந்து பணம். ஊட்டுப்புரையையும் பத்து மைல் நடையையும் நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய தாவல் என்பது விளங்கும். சும்மா சொல்லக்கூடாது, தமிழ்நாட்டு அரசின் உருப்படியான காரியங்களில் இது ஒன்று. 1974-ல் மாற்றுத்திறனாளிகள், 1975-ல் விதவைகள், 1986-ல் கணவனால் கைவிடப்பட்ட பெண்கள் என்று ஒவ்வொரு பிரிவாக உள்ளே வந்தார்கள்.

ஆனால் வாசலில் ஒரு சட்டி நெய் இருந்தது!

சுசீந்திரம் ரதவீதியில் பூக்கட்டி விற்கிற ஒரு பாட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அறுபத்தெட்டு வயது. தோவாளையில் பூ வாங்கி, அனுமாருக்கு மாலை கட்டி விற்கிறார். உதவித்தொகைக்கு மனு போடுகிறார். முதல் கேள்வி, வருமானம் எவ்வளவு?

காமர்ஸ் வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வருமானம் என்பது வரவு செலவுப் புத்தகம் உள்ளவனுக்கான சமாசாரம். பாட்டி பௌர்ணமியன்று இருநூறு ரூபாய் பார்ப்பார். மழை பெய்தால் பூவெல்லாம் அழுகி நஷ்டம். ஆடியில் ஒரு கணக்கு, மார்கழியில் வேறு கணக்கு. இதற்கு 'ஆண்டு வருமானம்' என்ன? யாராலும் சொல்ல முடியாது. ஆகவே கிராம நிர்வாக அலுவலர் ஒரு உருண்டை எண்ணை எழுதுவார், வருவாய் ஆய்வாளர் அதன்மேல் கையெழுத்துப் போடுவார், தாசில்தார் ஆபீஸ் முத்திரை குத்தும். மாதச் சம்பளக்காரனுக்கு இருக்கிற துல்லியம் ஏழைக்குக் கிடையாது. அவரிடம்தான் துல்லியமான காகிதம் கேட்கிறோம்.

இரண்டாவது கேள்வி, பராமரிக்க மகன் இருக்கிறானா? ரொம்ப காலம் இந்த நிபந்தனை பலரை வெளியே நிறுத்தியது. நாஞ்சில் தமிழில் பாட்டி இப்படித்தான் சொல்லியிருப்பார்: "மவன் இருக்கான்னு எழுதிப் போட்டாவ. மவன் சோறு போடுகானான்னு ஒருத்தரும் கேக்கல்லியே!" மூன்றாவது, சொத்து. 2018-ல்தான் சொத்து மதிப்பு வரம்பை 50 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சமாக்கினார்கள். ஓட்டை விழுந்த வீடும் ஒன்றரை சென்ட் நிலமும் காகிதத்தில் சொத்துதான். அப்புறம் பிச்சையெடுப்பதைத் தொழிலாகக் கொண்டவருக்கு உதவித்தொகை கிடையாது என்றும் ஒரு விதி. கதியில்லாமல் இருக்க வேண்டும், ஆனால் கையேந்தக் கூடாது! தொகை 2011-ல் ஆயிரமாகவும், 2023-ல் 1,200 ஆகவும் உயர்ந்தது.

வாசலில் நெய் வைக்காத இடமும் ஒன்று உண்டு. ரேஷன் கடை. 1997-ல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று ஜனங்களை இரண்டாகப் பிரிக்கச் சொன்னபோது, தமிழ்நாடு மறுத்து எல்லோருக்கும் பொருள் கொடுத்தது. நடுவில் ஒரு சபலம் வந்தது. மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் கார்டில் 'எச்' முத்திரை, அரிசி கிடையாது என்றார்கள். ஞாபகம் இருக்கிறதா? 2004 நாடாளுமன்றத் தேர்தலில் அடி விழுந்ததும் அந்த முத்திரை காணாமல் போனது. அந்த அரிசி கார்டுதான் கொரோனா காலத்தில் கைகொடுத்தது. 2020-ல் 1,000 ரூபாய், 2021-ல் இரண்டு தவணையாக 4,000 ரூபாய். வருமானச் சான்று கேட்டு யாரையும் அலைய விடவில்லை. வசதியுள்ள சிலரும் வாங்கினார்கள்தான். வாங்கிவிட்டுப் போகட்டும் என்பேன். அவர்களைப் பிடிக்க வலை விரித்தால் மாட்டுவது பூக்காரப் பாட்டிதான்.

2023 டிசம்பர் வெள்ளத்தின்போது தகுதியை மேப் தீர்மானித்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களுக்குக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய். அந்த மாவட்டங்களின் மற்ற வட்டங்களுக்கும் தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களுக்கும் 1,000 ரூபாய். எங்கேயாவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் தண்ணீர் புகுந்த வீட்டில் இருந்தவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்!

அதே 2023 செப்டம்பர் 15-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. மாதம் ஆயிரம். பெயரிலேயே 'உரிமை' இருந்தது. கூடவே பட்டியலும் இருந்தது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நஞ்சை ஐந்து ஏக்கருக்குள், புஞ்சை பத்து ஏக்கருக்குள், வருஷத்துக்கு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள். கார், டிராக்டர் கூடாது, வருமான வரி கட்டக் கூடாது. விண்ணப்பித்தவர்கள் 1 கோடியே 63 லட்சம் பேர். முதலில் தேர்வானவர்கள் 1 கோடியே 6 லட்சத்துச் சொச்சம். மீதிப் பேருக்கு, வருவாய் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று சொன்னார்கள். 2025 டிசம்பரில் இன்னும் பல லட்சம் பேரைச் சேர்த்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. மின் கணக்கு, வாகனப் பதிவு, வரி எல்லாம் அரசிடமே இருக்கிற விவரங்கள். அதாவது சரிபார்க்கிற வேலையில் ஒரு பங்கை அரசே சுமந்தது. பிடிக்காத அம்சமும் உண்டு. ஆரம்பத்தில் போட்ட விதிப்படி, வீட்டில் யாராவது முதியோர் உதவித்தொகை வாங்கினால் அந்தக் குடும்பத்துப் பெண்ணுக்கு உரிமைத் தொகை கிடையாது. நம் பூக்காரப் பாட்டி அந்த மூன்று கேள்விகளையும் தாண்டி வாங்கிய பணமே மருமகளுக்குக் குறுக்கே நின்றிருக்கும். எதிர்ப்புக் கிளம்பியது. 2023 ஆகஸ்டில் அந்த விதியைத் தளர்த்தி, அப்படி விடுபட்ட குடும்பத்துப் பெண்களும் மனுக் கொடுக்கட்டும் என்று மூன்று நாள் சிறப்பு முகாம் நடத்தினார்கள்.